தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி

மழை பெய்தால் பால்வெட்டு நிற்க, பால்வெட்டு நின்றால் ‘பேர்’ எனப்படும் அன்றைய நாட்கூலியும் போய்விடுகிற எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும், இறக்குவானை, பலாங்கொடை மலைகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் உயர்தரம் சித்தியெய்தி மேற்படிப்புக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி இன்றியமையாத சாதனமாகிவிட்டது என்பதை, 2020ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்து பாடங்கேட்ட காலத்திலேயே லயத்து மக்கள் அனுபவத்தால் அறிந்துகொண்டார்கள். அதன் விலைதான் மலைக்க வைக்கிறது. அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ஆக்கி, வரவுக்கென 200 ரூபாவும் சேர்த்து 1750 வழங்க 2026ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. அந்த 1750இல் ஒரு சதமேனும் செலவழியாமல் சேர்ந்தாலும், ஒரு இலட்சம் ரூபா விலையுள்ள கணினிக்கு 58 நாட்களின் பேர் வேண்டும். சீட்டெடுத்தும் நகை அடகுவைத்தும் திரட்டிய பணத்தை எதிலே செலவிடுவது, எதிலே மிச்சம் பிடிப்பது என்னும் விவேகம் ஆகவே அவசியமாகிறது.

கடையிலே முதலில் கண்ணைப் பறிப்பது செயலியின் பெயர். ஐ7 என்ற சிறு சின்னத்தைக் கண்டவுடன், ஐ3, ஐ5 இரண்டையும்விட அது மேலானதென்று தீர்மானித்துவிடுவது மனித சுபாவம். பாவித்த கணினிகளை விற்பவர்களிலே சாமர்த்தியசாலிகள் இந்தச் சுபாவத்தை நன்கு அறிவார்கள். பார்க்கவேண்டியது அதற்கு அடுத்து வருகிற இலக்கம். ஐ7-7500யூ என்பதில் கோட்டுக்குப் பின் நிற்கும் 7, அது ஏழாந் தலைமுறை என்பதைச் சொல்கிறது. அதற்குள் வேலைசெய்யும் கோர்கள், அதாவது கணிக்கும் கருக்கள், இரண்டே. 2017இல் வெளிவந்த எட்டாந் தலைமுறை ஐ5-8250யூவிலோ நான்கு கோர்கள் உண்டு. அன்றியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அதன் அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, மிகச் சில விலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை ஏற்பதில்லை. ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் இந்தப் புதிர் வேறுவிதமானது: ரைசன் 3 7320யூ என்பதன் முதல் இலக்கம் புதுமையைப் பறைசாற்ற, உள்ளிருக்கும் அமைப்பு 2019இல் பிறந்த ஸென் 2 என்பதை மூன்றாவது இலக்கமாகிய 2 அடக்கமாகச் சொல்கிறது.

செயலியைக் காட்டிலும் நினைவகத்தைப் பற்றியே, அதாவது கடைக்காரர் ரேம் என்று சொல்வதைப் பற்றியே, அதிகம் விசாரிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்ப இடமில்லாத தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரம் எவ்வளவு வேகமாய்ச் சுழன்றென்ன? விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதுமென்று விதியில் எழுதியிருக்கிறது. ஆனால் ஸூம் வகுப்பொன்றும், இணையப் பக்கங்கள் சிலவும், எழுதவேண்டிய கட்டுரையும் ஒருசேரத் திறந்தவுடன் அந்த 4 ஜிபி நிரம்பி, மிஞ்சியதைக் கணினி சேமிப்புத் தட்டுக்குத் தள்ளத் தொடங்கும். அந்தத் தட்டு பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்துவிட்டால், பிள்ளை ஒரு விசையை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்துவரலாம். ஆகவே சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகமும் 8 ஜிபி ரேமும் குறைந்தபட்சம். நிரலெழுதப் படிப்பவருக்கு 16.

வாங்குமுன் கடையிலேயே செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால், எத்தனை ரேம் இடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது தெரியும். அதனருகே ஃபோம் ஃபெக்டர் என்ற வரியில் எஸ்ஓடிஐஎம்எம் என்றிருந்தால், அது கழற்றி மாட்டக்கூடிய அட்டை. ரோ ஒஃப் சிப்ஸ் என்றிருந்தால், பலகையோடு ஒட்டிப் பற்றவைத்தது, பெரும்பாலும் மாற்றவியலாது. ‘பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்ற உறுதிமொழியைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆயினும் பிறகு என்பதும் இப்போது மலிவானதன்று: செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் ஏறிற்று, அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரொன் நிறுவனம், குரூஷல் என்ற பெயரில் நடத்திய தன் சில்லறை வியாபாரத்தைக் கைவிடுவதாகவே அறிவித்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், இரண்டு கோர்கள் கொண்ட செலரோன் என்னும் மலிவுச் செயலியும் 4 ஜிபியும் உள்ள புத்தம் புதிய கணினியைக் காட்டிலும், அலுவலகங்களில் பாவித்துக் கழித்த, எட்டாந் தலைமுறை ஐ5உம், ஒற்றை அட்டையில் 8 ஜிபியும், வெறுமையான இடமொன்றும், எஸ்எஸ்டியும் உள்ள கணினியே நம் பிள்ளைகளுக்கு ஏற்றது. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறதென்று கடையிலேயே பாருங்கள். உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். சித்திரை மாதத்து மாலையில் இடி முழங்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.