நுளம்பைத் தேடும் முன்பள்ளிப் பிள்ளைகள்

ஜூன் 5 சுற்றாடல் தினத்தன்று மரம் வரைந்து பச்சை நிறம் தீட்டுவதோடு பல முன்பள்ளிகளில் சுற்றாடல் கல்வி முடிந்துவிடுகிறது. 2017இல் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவான நாடு இது.

வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் ஆசிரியையுடன் வளவைச் சுற்றி வரட்டும். தண்ணீர் தேங்கிய சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு ஆகியவற்றைக் காட்டித் தரட்டும். அவற்றை அகற்றுவது பெரியவர்கள் வேலை. முட்டை நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் எடுக்கும். அதனால்தான் வாரம் தவறக்கூடாது. தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். விளிம்பில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிள்ளை, "உம்மா, பிரிஜ்ஜுக்குப் பின்னால தண்ணி நிக்குது" என்றால், விளையாடப் போகச் சொல்லாமல் எழுந்து போய்ப் பாருங்கள்.