இடம் கிடைக்குமா? கிடைத்தால் போகலாமா?
ஏப்ரல் மாதத்தில் எம்.பி.ஏ. கனவு காணும் வீடுகள்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் சில வீடுகளில் தூக்கம் குறைந்துவிடும்.

செல்போன் ‘டிங்’ என்றால் போதும். சமையல் அறையில் இருந்து அம்மா ஓடி வருவாள். “என்ன வந்திருக்கிறது?” என்று அப்பா கேட்பார். “ஒன்றும் இல்லை அப்பா, கேஸ் சிலிண்டர் செய்தி” என்று பதில் வரும். மூன்று பேரும் பெருமூச்சு விடுவார்கள்.

திண்டுக்கல்லில் அப்படி ஒரு வீடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மகள் என்ஜினீயரிங் படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. மாதச் சம்பளம் 35 ஆயிரம். எம்.பி.ஏ. படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஏப்ரல் 30-ந் தேதிக்குள் ரூ.1 லட்சம் முன்பணம் கட்ட வேண்டும். திருச்சி ஐ.ஐ.எம்.மிலோ அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறது. அந்தப் பட்டியல் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

பணத்தைக் கட்டுவதா? காத்திருப்பதா?

இதுதான் அந்த வீட்டின் கேள்வி. இந்தக் கேள்வி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுகிறது.

ஐ.ஐ.எம். என்றால் என்ன?

ஐ.ஐ.எம். என்பது இந்திய நிர்வாகவியல் கழகம். தொழிலையும் வியாபாரத்தையும் எப்படி நடத்துவது என்று கற்றுக்கொடுக்கும் இடம். 1961-ம் ஆண்டில் முதலில் கல்கத்தாவிலும், அடுத்து அகமதாபாத்திலும் தொடங்கப்பட்டது. அகமதாபாத் கழகம் உருவாகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் விஞ்ஞானி விக்ரம் சாராபாய். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதற்குத் துணை நின்றது. 1973-ல் பெங்களூரிலும், 1984-ல் லட்சுமணபுரி என்னும் லக்னோவிலும் கழகங்கள் வந்தன.

தமிழ்நாட்டுக்கு 2011-ல்தான் ஒன்று கிடைத்தது. அதுவே திருச்சி ஐ.ஐ.எம். முதலில் என்.ஐ.டி. வளாகத்தில் நடந்தது. பிறகு புதுக்கோட்டை சாலைப் பக்கம் சொந்த வளாகத்துக்குப் போனது.

இவை முன்பு டிப்ளமோதான் கொடுத்தன. 2017-ல் நிறைவேறிய தனிச் சட்டத்துக்குப் பிறகு எம்.பி.ஏ. பட்டமே கொடுக்கின்றன.

நவம்பர் முதல் மே வரை

இந்தக் கழகங்களில் சேர ‘கேட்’ என்ற பரீட்சை எழுத வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். இரண்டே மணி நேரம். ஆங்கிலம், புள்ளிவிவரங்களை அலசும் பகுதி, கணக்கு என்று மூன்று பகுதிகள். சரியான விடைக்கு 3 மார்க். கொடுத்துள்ள விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 மார்க் போய்விடும்.

2024-ம் ஆண்டில் இந்தப் பரீட்சையைச் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர் எழுதினார்கள்!

இதில் மார்க்கைவிடப் ‘பெர்சென்டைல்’ என்ற எண்ணுக்குத்தான் மதிப்பு. 99 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 மார்க் என்று பொருள் அல்ல. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரைப் பின்னுக்குத் தள்ளியவர் என்று பொருள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த ஆண்டில் அப்படிப்பட்டவர்களே சுமார் 2,900 பேர்!

அதோடு முடிந்ததா? இல்லை. பிறகு நேர்முகத் தேர்வு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மார்க்குகள், வேலை அனுபவம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கழகத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. ஓர் இடத்தில் தள்ளப்பட்டவரை இன்னோர் இடத்தில் எடுப்பது இதனால்தான்.

முடிவுகள் ஏப்ரல், மே மாதங்களில் வரும். அப்போது ஒரே மாணவருக்கு மூன்று இடங்களில் இருந்து அழைப்பு வந்திருக்கும். அவர் ஒன்றில் சேர்ந்து மற்ற இரண்டை விடுவார். காலியாகும் இடம் அடுத்தவருக்குப் போகும். காத்திருப்போர் பட்டியல் நகர்வது இப்படித்தான். ஒருவர் விட்டால்தான் ஒருவருக்குக் கிடைக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு

ஏப்ரல் 28. இரவுச் சாப்பாடு முடிந்தது. திண்டுக்கல் வீட்டில் அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முப்பது ஆண்டு டிக்கெட் கணக்கு எழுதிய கை அல்லவா!

“சொல்லும்மா, சென்னையில் மொத்தம் எவ்வளவு ஆகும்?”

“12 லட்சம் அப்பா.”

“என் ஓய்வுப் பணத்தில் 8 லட்சம் இருக்கிறதே.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “அது இவள் கல்யாணத்துக்கு என்று வைத்த பணம்” என்றாள்.

“வேண்டாம் அப்பா, அதைத் தொடாதீர்கள். வங்கியில் என் பெயரில் கடன் வாங்கிக்கொள்கிறேன்” என்றாள் மகள்.

12 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 10. பத்து ஆண்டுகளில் அடைப்பது என்றால் மாதத் தவணை சுமார் ரூ.15,900. ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.1 லட்சத்து 90 ஆயிரம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி.

“படித்து முடித்தால் என்ன சம்பளம்?”

“சராசரி 12 லட்சம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே படித்த அக்காக்கள் இரண்டு பேரிடம் விசாரித்தேன். பாதிப் பேருக்கு ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேல் இல்லையாம்.”

இது எப்படி? சராசரி என்பது ஏமாற்றும். ஐந்து பேர் வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் 8 லட்சம், 8 லட்சம், 9 லட்சம், 10 லட்சம். ஐந்தாமவருக்கு மட்டும் 65 லட்சம். சராசரி 20 லட்சம் என்று வந்துவிடும்! ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவருக்கு 9 லட்சம்தான். பெற்றோர் கேட்க வேண்டியது இந்த நடுச் சம்பளத்தைத்தான்.

அப்பா கூட்டினார். 7 லட்சத்தில் தவணை போனால் மீதி 5 லட்சத்து 10 ஆயிரம். இப்போதே மகள் வாங்குவது ஆண்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். வித்தியாசம் 90 ஆயிரம். படிக்கும் இரண்டு ஆண்டுகளில் இழக்கும் சம்பளமோ 8 லட்சத்து 40 ஆயிரம்!

“இதை ஈடுகட்டவே ஒன்பது வருஷம் ஆகுமே, அம்மா” என்றார்.

மகள் பேசவில்லை. கண் கலங்கியிருந்தது.

எது நல்ல கல்லூரி?

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. என்ன வேலைக்குப் போக விருப்பம் என்று முதலில் தெளிய வேண்டும். ஜாம்ஷெட்பூரில் 1949-ல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., தொழிலாளர் மற்றும் பணியாளர் நிர்வாகப் படிப்புக்குப் பெயர் பெற்றது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் துறையில் கட்டணம் மிகக் குறைவு. பழைய பெரிய ஐ.ஐ.எம்.களில் 20 லட்சத்துக்கு மேல் ஆகும். நம் மாநிலக் கல்லூரிகளில் சேர ‘டான்செட்’ பரீட்சை இருக்கிறது.

பணம் இல்லையே என்று நல்ல இடத்தை விட்டுவிடவும் வேண்டாம். தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிலையங்களில் தகுதியால் இடம் பெறுகிறவர்களுக்கு, ஈடும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் தரும் ‘பி.எம். வித்யாலட்சுமி’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கலாம்.

முன்பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு இடம் கிடைத்து விலகினால் பணம் திரும்ப வருமா? எந்தத் தேதி வரை? எவ்வளவு பிடிப்பார்கள்? இந்தப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

அந்த வீட்டின் முடிவு

“திருச்சியில் கிடைத்தால்?” என்று அம்மா கேட்டாள்.

“அங்கே 20 லட்சம் கடன் ஆகும். மாதத் தவணை ரூ.26,400 வரும். ஆனால் அங்கே நடுச் சம்பளம் அதைத் தாங்கும் அம்மா. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.”

“கிடைக்காவிட்டால்?”

“வேலையை விடமாட்டேன். நவம்பரில் மறுபடி எழுதுவேன். இப்போது வாங்கிய மார்க் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. புதிதாகத்தான் படிக்க வேண்டும்.”

அப்பா நோட்டுப் புத்தகத்தை மூடினார். “கம்பெனியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றாயே. அப்படியானால் மே 15 வரை பார்க்கலாம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் போனைப் பார்த்துப் பயப்படக் கூடாது” என்றார்.

ஏப்ரல் 30. மாலை ஐந்து மணி. சென்னைக் கல்லூரியின் கெடு முடிந்தது. பணம் கட்டவில்லை.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது போன் ‘டிங்’ என்றது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

மின் கட்டணச் செய்தி!

அம்மாதான் முதலில் சிரித்தாள். பல நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

திருச்சியில் இடம் வரலாம், வராமலும் போகலாம். அது அவர்கள் கையில் இல்லை. வந்தால் என்ன செய்வது, வராவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் கையில் இருந்தது. அதை மூன்று பேரும் கூடி முடிவு செய்துவிட்டார்கள். அன்று இரவு அந்த வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள்.