பீட்ரூட் வேகவைத்த தண்ணீரும் டி.பி. மாத்திரையும்

கிணத்துக்கடவு சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குகிற ஒருவருக்கு டி.பி. என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார். மதியத்துக்குள் ஒண்ணுக்குச் செங்காவியாகப் போகிறது. "ஏனுங்க, ரத்தமாப் போகுதுங்களே!" என்று பதறாமல் என்ன செய்வார்?

ரத்தமில்லை, ரிஃபாம்பிசின். செங்கல் நிறத்து மருந்து. முதல் இரண்டு மாதம் தருகிற நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் 150 மில்லிகிராம் உண்டு. 50 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு மாத்திரை, ஆக 600 மில்லிகிராம்.

பொரியலுக்கு பீட்ரூட் நறுக்கும்போது பாருங்கள். கத்தி, விரல், பலகை எல்லாம் சிவக்கும். துண்டாக்கினாலும் வேகவைத்தாலும் காயின் உருவம்தான் மாறும், சாயம் மறையாது. வடித்த தண்ணீரோடு சாக்கடை வரை போகும். ரிஃபாம்பிசினும் அப்படியே. கொழுப்பில் கரைவதால் செல்சவ்வைத் தாண்டி, நுரையீரலில் பதுங்கியிருக்கும் கிருமி வரை எட்டுகிறது. கிருமி ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியைப் பூட்டிவிடுகிறது. பிறகு கல்லீரல் அதன் மூலக்கூறிலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கழற்றுகிறது. நிறம் தரும் பகுதியை மட்டும் தொடுவதில்லை. பெரும்பங்கு பித்தநீரோடு குடலுக்குப் போக, மிச்சத்தைச் சிறுநீரகம் வடிக்கிறது. அடுத்தடுத்து அலசிய தண்ணீர் வெளுப்பதுபோல, நேரம் ஆக ஆக நிறமும் வெளுக்கும். மறுநாள் மாத்திரைக்குப் பின் மறுபடி ஏறும்.

வியர்வையும் கண்ணீரும்கூடச் சிவக்கலாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவைப்பது நல்லது. அதில் ஏறிய கறை போகாது.

இதை மாத்திரை கொடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு, அங்கேதான் கிருமி மருந்துக்கு அடங்காமல் போக வழி திறக்கிறது. மருத்துவர்களுக்கோ இந்த நிறம் செலவில்லாத சாட்சி: இன்று மாத்திரை உள்ளே போயிருக்கிறது. நோய் குறைகிறதா என்பதைச் சளிப் பரிசோதனைதான் சொல்லும்.

ஆனால் எல்லா நிறத்தையும் மருந்தின் தலையில் கட்டக்கூடாது. இதே மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். அப்போது சிறுநீர் கடுங்காப்பி போலக் கறுக்கும், கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், சோறு இறங்காது, வாந்தி வரும். சிறுநீரில் ரத்தக்கட்டி தெரிந்தாலும் கவனிக்க வேண்டும். இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன், அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.