கட்டிய சந்தா, பிடுங்கிய பல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளியின் பெயரில் மாதாமாதம் 600 ரூபாய் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்துக்குப் போகிறது. சம்பளத்தில் 0.75 சதவீதத்தை அவரிடம் பிடிக்கிறார்கள், 3.25 சதவீதத்தை நிர்வாகம் கட்டுகிறது. ஆண்டுக்குக் கூட்டினால் 7,200 ரூபாய். இதற்கு ஈடாக அவருக்கும் அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் புறநோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு; பல் மருத்துவமும் அதில் அடக்கம். செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனாலும் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டால் அவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவு ஷிப்ட்டை ஓட்டுகிறார். தாங்க முடியாத நாளில் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார். தனியார் காப்பீடு இல்லாதவர்களின் பல்லுக்கு அரசு எதுவும் தருவதில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தருகிறது, சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தொழிலாளியின் வேலைநாள் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் வகுத்த திட்டம் அது. அவர் கைக்கு எட்டாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

தனியார் பாலிசி இல்லாதவருக்கு இங்கே மூன்று வழிகள் உண்டு. முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு அந்த வருமான வரம்பும் இல்லை. பெரிய திட்டம்தான், பல உயிர்களைக் காத்த திட்டம்தான். ஆனால் அதன் அடிப்படை மருத்துவமனைப் படுக்கை. தாடை உடைந்தால், வாயில் புற்றுநோய் வந்தால் அது கைகொடுக்கும்; சொத்தையை அடைப்பதற்கும் வேர் சிகிச்சைக்கும் கொடுக்காது. இரண்டாவது வழி இஎஸ்ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கானது. இந்த வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. 22,000 ரூபாய் வாங்குபவரின் கணக்கைப் பாருங்கள். இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிவிட்டார். ஆண்டு வருமானம் 2,64,000 என்பதால் முதலமைச்சர் திட்டத்துக்குள்ளும் வர முடியாது. ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வு, அவரிடம் எஞ்சியிருந்த இஎஸ்ஐயையும் எடுத்துவிடுகிறது. அவருக்கு மிஞ்சுவது மூன்றாவது வழி: எல்லாருக்கும் திறந்திருக்கும் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு.

அந்த ஓ.பி. எங்கே, எப்போது என்பதில்தான் சிக்கல். திருவள்ளூர் அரசு மருத்துவமனை 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக உயர்ந்தது. ஆனால் கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் ரயில் பாதையில், திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் பாதையில். ஒரே மாவட்டத்தின் இந்த இரண்டு ஊர்களுக்கும் நேர் ரயில் இல்லை. ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்கு வந்து வண்டி மாற வேண்டும். அதைவிட மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவது எளிது. இஎஸ்ஐ பெரிய மருத்துவமனை என்றாலும் அயனாவரம் வரை போக வேண்டும். எங்கே போனாலும் புறநோயாளிப் பிரிவு நடப்பது பெரும்பாலும் காலையில். பகல் ஷிப்ட்காரர் லீவு போட வேண்டும். இரவு ஷிப்ட்காரர் தூக்கத்தை விட வேண்டும்.

ஒரு நாள் தானே என்று தோன்றலாம். பல்லைக் காப்பாற்றும் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள், பிறகு கேப் போட இன்னும் ஒன்றிரண்டு முறை. பல்லைப் பிடுங்குவதற்கோ அரை மணி நேரம் போதும். நோய்வாய்ப்பட்ட நாட்களுக்கு இஎஸ்ஐ 70 சதவீதம் சம்பளம் தருவது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. காய்ச்சலுக்கு அந்த விதி பொருந்தலாம். பல் சிகிச்சையோ வாரம் ஒரு நாளாகப் பிரிந்து வருவது. அதன் ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாளாகவே விழும். அத்துடன் அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். ஆகவே சிகிச்சை இலவசமாக இருந்தும், நான்கு நாள் கூலியை இழந்து பல்லைக் காப்பதா, ஒரே நாளில் பிடுங்கிவிடுவதா என்ற கேள்வி வந்து நிற்கிறது. அவர் பிடுங்குவதைத் தேர்ந்தெடுத்தால் அதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம். விதிகள் அவரை அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன.

பல்வலியால் யாரும் சாவதில்லை, பணம் குறைவாக இருக்கும்போது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்தான் முதலிடம் என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெரித்தால் உயிர் போகும். மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து அது. சர்க்கரை நோய் ஈறு நோயை வளர்க்கிறது, ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வராமல் செய்கிறது. உருக்காலை வெப்பத்தில் தூக்கத்தை விரட்டப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் தொழிலாளர் இருக்கும் பகுதி இது. குட்கா 2013 முதல் தடையில் இருந்தும் புழக்கம் அற்றுப்போகவில்லை. வாய்க்குள் வரும் வெள்ளைத் திட்டை முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர். புற்றுநோய் முற்றிய பிறகு அறுவை சிகிச்சைக்கு லட்சங்களைத் தரச் சம்மதிக்கும் காப்பீடு, அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் பல் பரிசோதனைக்குத் தராமலிருப்பது சிக்கனம் ஆகாது.

வசதி செய்து கொடுத்தாலும் நம் ஜனங்கள் வரமாட்டார்கள் என்பது இன்னொரு பேச்சு. பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதார சேவை பல் சிகிச்சையை இலவசமாக்கியபோது, அரசு போட்ட மதிப்பீட்டையெல்லாம் மீறிக் கூட்டம் வந்தது. செலவு தாங்காமல் 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார்கள். அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியையே விட்டார். வாசல் திறந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இது சான்று. செலவு கட்டுக்கடங்காமல் போகலாம் என்பதற்கும் இதுவே சான்று. அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. கனடா வேறு விதமாகச் செய்தது. தனியார் பல் காப்பீடு இல்லாத, ஆண்டு வருமானம் 90,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களுக்கு 2024 மே முதல் படிப்படியாகத் திட்டத்தை விரித்தது. புதிய மருத்துவமனை எதுவும் கட்டவில்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் பல் மருத்துவருக்கே அரசு பணம் தருகிறது. டொராண்டோவில் இருக்கும் நம் உறவினர் பலருக்கும் இது தெரிந்திருக்கும்.

இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் படித்து வரும் இளைஞர்கள் வேலைக்குத் தவிக்கிறார்கள். பல் மருத்துவருக்குப் பஞ்சமில்லை, பணியிடங்களுக்குத்தான் பஞ்சம். தொடக்கநிலைச் சொத்தையை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்டை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதை வைத்து அடைக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். தொழிலாளர் நடந்துபோகும் தூரத்தில் ஒரு பல் நாற்காலி, மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை உட்கார ஒரு மருத்துவர்: சந்தாப் பணத்தில் இதற்கு இடமில்லை என்று இஎஸ்ஐ கழகம் சொல்ல முடியாது. உடனே முடியாதென்றால் கும்மிடிப்பூண்டி பஜாரிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் இருக்கும் தனியார் பல் மருத்துவர்களோடு ஒப்பந்தம் போடலாம். பல் சிகிச்சை நாளுக்கு இரண்டு நாள் காத்திருப்பு விதியைத் தளர்த்தலாம். எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அசையாத 21,000 ரூபாய் வரம்பை உயர்த்தவே வேண்டும்.

அதுவரை தொழிலாளத் தோழர்களுக்கு ஒன்று. காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவராக இருந்தாலும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தாலும், உங்கள் சந்தாவைக் கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு உண்டு. சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுக்குப் பத்து இலக்கக் காப்பீட்டு எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, பல் வலிக்கத் தொடங்கும் முன்பே குடும்பத்தாரின் பெயர்களையும் அதில் பதிவு செய்துவிடுங்கள்.