தேர்தல் பத்திரம்: யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார்?

ஜனநாயகத்தில் ஒருவருக்கு ஒரு ஓட்டு. கோடீஸ்வரருக்கும் ஒன்றுதான், அவருடைய கார் டிரைவருக்கும் ஒன்றுதான். சந்தையின் கணக்கு வேறு. அங்கே கையிலுள்ள பணத்தின் அளவுக்குத்தான் ஒருவரின் பேச்சு எடுபடும். இந்த இரண்டு கணக்கும் ஒரே நாட்டில் நடக்கும்போது, ஒன்று மற்றதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது யார்? அரசாங்கம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தேர்தல் செலவுக்காக முதலாளிகளிடம் கைநீட்டுவதே அரசாங்கத்தை நடத்தும் கட்சிகள்தான். எனவே அரசும் அல்லாத, வியாபாரமும் அல்லாத மூன்றாவது தரப்பு ஒன்று தேவைப்படுகிறது. ஜமாஅத்கள், தொழிற்சங்கங்கள், பொதுநல அமைப்புகள் முதலியவை சேர்ந்த இதைத்தான் குடிமைச் சமூகம் என்கிறார்கள்.

இது வெறும் பாடப்புத்தகச் சொல் அல்ல என்பதற்குத் தேர்தல் பத்திர வழக்கு நல்ல உதாரணம்.

2017ல் நிதிச் சட்டத்தின் வழியாகக் கொண்டுவரப்பட்டு, 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. தனிநபரோ நிறுவனமோ பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி 15 நாட்களுக்குள் அதைப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்கு நன்கொடை தர முடியும். அந்த வரம்பும் நீக்கப்பட்டது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்கூட கோடிகளைக் கொடுக்கலாம் என்றால், அது யாருடைய பணம் என்ற கேள்வி எழாதா? ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை பெறும் தொண்டு நிறுவனம் அதை டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகத்தான் பெற வேண்டும், கொடுத்தவர் விவரத்துடன். அநாதை இல்லத்துக்கு வரும் பணத்துக்கு இவ்வளவு கண்காணிப்பு. அதே வங்கி வழியாகக் கட்சிக்குப் போகும் பணத்துக்குத் திரை!

பதவியில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பு பற்றி நம் மார்க்கம் அன்றே எச்சரித்திருக்கிறது. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஆட்சியில் இல்லாவிட்டால் இந்தக் கட்சிக்கு இவ்வளவு வந்திருக்குமா என்று நாமும் கேட்கலாம். பெயர் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

அந்தப் பெயர்களுக்காக நீதிமன்றம் போனவர்களில் முக்கியமானது ஏ.டி.ஆர். என்ற ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999ல் தொடங்கிய அமைப்பு. இன்று வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கல்வி, குற்ற வழக்கு விவரங்களை வேட்புமனுவோடு தருவதற்கும் இவர்கள் தொடுத்த வழக்குதான் காரணம். காமன் காஸ் என்ற அமைப்பும், பத்திரங்களை வாங்க மறுத்த மார்க்சிஸ்ட் கட்சியும் இந்த வழக்கில் மனுதாரர்கள். 2017ல் போட்ட வழக்கு. 2019 மக்களவைத் தேர்தல் அதற்குள் முடிந்தே போனது. 2024 பிப்ரவரி 15 அன்றுதான் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்தத் திட்டம் வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை மீறுகிறது என்று ரத்து செய்தது. லாப வரம்பை நீக்கியதும் செல்லாது என்றது.

விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி, அதாவது தேர்தல் முடிந்த பிறகு. நீதிமன்றம் ஒரு நாள்தான் கொடுத்தது. வெளிவந்த பட்டியலில் அதிகம் பெற்றது மத்தியில் ஆளும் பாஜக. அதிகம் வாங்கியதோ கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 509 கோடி திமுகவுக்கு. தமிழ்நாட்டில் 2003லேயே தடை செய்யப்பட்ட லாட்டரி, தமிழ்நாட்டின் தேர்தலுக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. நமக்குப் பிடித்த கட்சி, பிடிக்காத கட்சி என்று பார்த்து இந்தப் பட்டியலைப் படிப்பதில் பயனில்லை.

இப்போது நிறுவனங்கள் காசோலையாகவும் தேர்தல் அறக்கட்டளைகள் மூலமாகவும் கொடுக்கின்றன. அவற்றின் கணக்கு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாகிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைகளுக்கு மட்டும் கட்சிகள் இன்றும் பெயர் சொல்ல வேண்டியதில்லை.