ஊன்றுகோலுக்கும் ஒரு சம்பளம்!

அல்சூர் சோமேசுவரர் கோயிலிலிருந்து கடைத்தெரு நமக்கு நாலு எட்டு. பையை எடுத்துக்கொண்டு, விலை விசாரித்தபடியே போய் வந்துவிடுகிறோம். காலில் காலிப்பரும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக இருப்பவருக்கு அதே நாலு எட்டுக்கு ஆட்டோ வேண்டும்.

பெங்களூரில் 2025 ஆகஸ்டு முதல் தேதி உயர்த்தப்பட்ட ஆட்டோக் கட்டணம், முதல் 2 கிலோ மீட்டருக்கு 36 ரூபாய். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குமாஸ்தா ஒருவர், வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை போக வர ஆட்டோ பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 72 ரூபாய். 25 நாளைக்கு 1,800. அதே சம்பளம் வாங்கும் பக்கத்து மேஜைக்காரர் நடந்தே போகிறார். மீட்டர் போட்டு வந்தால்தான் இந்தக் கணக்கு. அதை அல்சூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை!

2011 அக்டோபரில் திறந்த அல்சூர் மெட்ரோ நிலையத்தில் லிப்டு இருக்கிறது. லிப்டு வரை போய்ச் சேர்வதுதான் செலவு.

இரண்டு ஜோடி செருப்பு

சூம்பிய கால் பெரும்பாலும் அளவிலும் சிறியது. கடைக்காரர் ஜோடியாகத்தான் விற்பார். ஆகவே இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றில் ஒன்றை ஒதுக்க வேண்டும். காலிப்பர் உரசி பேண்ட் சீக்கிரம் கிழியும். ஊன்றுகோலின் நுனி ரப்பர் தேயும். மாற்றாமல் விட்டால் மழைநாளில் வழுக்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 சதவீத வரி போட்டார்கள்.

வீடு தேடும்போதும் இதே கதை. குறைந்த வாடகைக்குக் கிடைப்பது மாடி அறை, படியோ செங்குத்து. தரைத்தளம் கேட்டால் வாடகை ஏறும், அட்வான்சும் கூடவே ஏறும்.

பிரிட்டனில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் வீப்கே குக்லிஸ் என்ற ஆய்வாளர். பொருளாதார மேதை அமர்த்தியா சென் அதைத் தம் நூலில் எடுத்துக் காட்டுகிறார். அங்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 17.9 சதவீதம். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் 23.1. வருமானத்திலிருந்து ஊனத்தால் வரும் கூடுதல் செலவைக் கழித்துப் பார்த்தால் 47.4! வருமானத்தை மட்டும் பார்த்த கணக்கில் பாதி ஏழைகள் காணாமல் போயிருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கூடுதல் செலவை ஒப்புக்கொள்கிறது. மற்றவர்களுக்கான உதவித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் அதிகம் தரவேண்டும் என்பது அதன் 24-ஆவது பிரிவு. ஆனால் மத்திய அரசு 2012-ல் ஓய்வூதியத்தில் தன் பங்கை 200-லிருந்து 300 ரூபாயாக உயர்த்தியது. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்து, 80 சதவீத ஊனமும் உள்ளவருக்கு. மாநில அரசு தன் பங்கைச் சேர்ப்பது வேறு விஷயம். அந்த 300, மேலே சொன்ன குமாஸ்தாவுக்கு நாலு நாள் ஆட்டோக் காசு. அவருக்கோ அதுவும் கிடைக்காது, அவர்தான் சம்பளக்காரராயிற்றே!

ரயில்வே கொஞ்சம் தாராளம். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு ஸ்லீப்பர் டிக்கெட்டில் 75 சதவீதச் சலுகை உண்டு; துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை. ஊருக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்கலாம்.

ஆனால் அந்தத் துணை யார்? பெரும்பாலும் மனைவி, அல்லது தாய். ஆஸ்பத்திரிக்கும், சர்டிபிகேட்டுக்கு மெடிக்கல் போர்டுக்கும் கூடப் போகும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி போகிறது. வீட்டு வேலைக்குப் போகிறவளானால் வேலையே போகலாம். இந்தப் பணத்தை எந்த ஆபீசும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.