பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் தீபாவளி!

சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் அருகே இருக்கிறது கொள்ளுக்குடிப்பட்டி. 1977-ல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக, இந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதே இல்லை.

நம் மகாராஜபுரம் பக்கம் அப்படிக் கேட்க முடியாது. சிவகாசிப் பட்டாசை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. வெடிக்க வேண்டாம் என்பதில்லை; நேரமும் இடமும் பார்த்து வெடித்தால் போதும். 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழக அரசு ஒதுக்கிய நேரம், காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8.

காம்பவுண்டு வீடு, அடுக்குமாடி என்று சேர்ந்து வசிப்பவர்கள் முன்கூட்டியே பேசி ஒரு திறந்தவெளியை முடிவு செய்யுங்கள். பைக் நிற்கும் இடமும் மாடிப்படியும் வேண்டவே வேண்டாம். பருத்தி உடை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், பிள்ளைகளோடு ஒரு பெரியவர் அவசியம். வெடிக்காமல் போனதை மறுபடி பற்றவைக்காதீர்கள். கையில் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிதென்றால் உடனே 108.

வெடித்த குப்பையை வெடித்தவர்களே கூட்டினால், தூய்மைப் பணியாளருக்கும் அன்று தீபாவளி!

முதல் நாள் பலகாரத் தட்டை நீட்டும்போதே, “உங்க வீட்டுப் பாப்பா எப்போ தூங்கும்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதிரசத்தைவிட அது இனிக்கும்.